உழைப்பின் விலை – 17: கோடரிக்குக் கீழே விழுந்த கூலி

இரண்டு ஷில்லிங், ஒரு பென்னி. இங்கிலாந்து அரசின் கப்பல் தளங்களில் வேலை பார்த்த, தொழிலை முழுதாகக் கற்றுத் தேர்ந்த கப்பல் தச்சருக்கு ஒரு நாளைக்கு இதுதான் கூலி. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்பது அந்தக் காலக் கணக்கு. ஆக நாளொன்றுக்கு 25 பென்னி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதிவேட்டில் எழுதிய இந்தத் தொகையை அடுத்த நூறாண்டுக்கு யாரும் திருத்தவில்லை. அந்த நூறாண்டில் பிரிட்டன் ஸ்பெயினோடும் பிரான்ஸோடும் அமெரிக்கக் குடியேற்றங்களோடும் போர் நடத்தியது. கப்பல்கள் பெரிதாயின, பீரங்கிகள் கூடின, அரசின் கடன் மலைபோல் ஏறியது. உலகின் முதன்மையான கடற்படை என்று பெயர் எடுத்த கப்பல்களைச் செய்தவர்களின் கூலி மட்டும் தாத்தா வாங்கியதைத்தான் பேரனும் வாங்கினான் என்ற நிலையில் நின்றது.

சென்ற இதழில் வெனிஸ் நகரத்து ஆர்சனல் தளத்தில் தச்சர்களுக்குக் கூலியோடு திராட்சை மதுவும் ஊற்றிக் கொடுத்ததைப் பார்த்தோம். காசாக வராத கூலியை அங்கே அரசே முன்வந்து கொடுத்தது. இங்கிலாந்தில் அதே வகைக் கூலி முதலில் வழக்கமாக இருந்து, நாளடைவில் வம்பு வழக்காகி, கடைசியில் குற்றம் என்று பெயர் வாங்கியது. அந்தக் கூலி மரச்சில்லு. தளத்தில் அதைச் 'சிப்ஸ்' என்பார்கள்.

முதலில் அந்தத் தளங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேம்ஸ் கரையில் டெப்ட்ஃபோர்டு, உல்விச். மெட்வே ஆற்றில் சாத்தம், ஷீர்னஸ். தென்கரையில் போர்ட்ஸ்மத், பிளிமத். நீராவி ஆலைகள் தலையெடுப்பதற்கு முன்பு ஒரே மதிலுக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் மணியடித்தால் உள்ளே போய் மணியடித்தால் வெளியே வந்த இடங்கள் ஐரோப்பாவில் மிகச் சில; அவற்றில் இவை முதன்மையானவை. ஆலைத் தொழிலாளியின் வரலாற்றை மான்செஸ்டர் நூற்பாலையிலிருந்து தொடங்குவது வழக்கம். மணி, பதிவேடு, மேற்பார்வை, கூலித் தகராறு எல்லாம் அதற்கு முன்பே இந்தக் கப்பல் தளங்களில் முழு வளர்ச்சி பெற்றிருந்தன என்பதால், என்னைக் கேட்டால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சாத்தம் தளத்தில் 1759இல் அடிமரமான ஏராவை வைத்து 1765இல் நீரில் இறக்கிய 'விக்டரி' கப்பலை எடுத்துக்கொள்வோம். பின்னாளில் டிரஃபால்கர் போரில் கடற்படைத் தளபதி நெல்சன் உயிர் விட்டது இந்தக் கப்பலில்தான். இந்த ஒரு கப்பலுக்கு ஏறத்தாழ 6,000 மரங்கள் வெட்டினார்கள், பெரும்பாலும் ஓக். கப்பல் தச்சர் வீட்டுக் கதவு செய்யும் தச்சரைப் போல நேர்ப்பலகையோடு வேலை செய்பவர் அல்லர். கப்பலின் வயிற்றுக்கு விலா எலும்புபோல வங்குக் கால்கள் வேண்டும். அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வளைவு. நேரான மரத்தை வளைவாக அறுத்தால் நாரோட்டம் அறுபட்டுப் பலம் போய்விடும். அதனால் காட்டிலேயே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி எடுத்து, அந்த வளைவு கப்பலில் எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று கண்ணால் அளந்து, கோடரியாலும் வாய்ச்சியாலும் செதுக்கி இறக்க வேண்டும். இதற்கு 7 ஆண்டு குருகுலம். உருண்டையான, முண்டும் முடிச்சுமான மரத்திலிருந்து ஒரு வங்குக் காலை எடுக்கும்போது மரத்தின் பெரும்பகுதி துண்டாகவும் செதிலாகவும் தரையில் விழும். விழுவதை மாலையில் வேலை விட்டுப் போகும்போது தச்சர் எடுத்துப் போகலாம். இதுதான் வழக்கம். அடுப்பெரிக்க ஆகும், விற்றால் காசாகும்.

நம் ஊரில் களத்துமேட்டில் தச்சருக்கும் கொல்லருக்கும் உரிய நெல்லை அளந்துவிட்ட பிறகே மிச்சம் வண்டியேறும் காலம் இருந்தது. அதை யாரும் தானம் என்று சொன்னதில்லை. அவர்கள் ஆண்டு முழுவதும் கலப்பை செய்து கொடுத்ததற்கு உரிய பங்கு. கப்பல் தச்சர் சில்லை எடுத்துப் போனதும் அப்படிப்பட்ட உரிமையோடுதான்.

ஆனால் பதிவேட்டில் எழுதிய 25 பென்னியாவது கைக்கு வந்ததா என்று கேட்க வேண்டும். கூலியை நாள்தோறும் எழுதினார்களே தவிர, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுப்பதாக ஏற்பாடு. அந்த மூன்று மாதமும் பேச்சுக்குத்தான். கருவூலத்தில் பணம் இல்லாவிட்டால் ஓராண்டுக்கு மேலும் இழுத்துக்கொண்டே போகும். அதுவரை தச்சர் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே! ரொட்டிக் கடையில் கடன், வாடகை வீட்டில் கடன், மதுக்கடையில் கடன். வரவேண்டிய கூலியை அடமானம் வைத்து, வட்டியைக் கழித்துக்கொண்டு காசு கொடுக்கும் ஆட்கள் தளத்து ஊர்களில் பெருகினார்கள். 25 பென்னி தச்சர் கைக்கு வந்து சேரும்போது 25 பென்னியாக இருப்பதில்லை.

இந்த அவலத்தை மிக அருகில் இருந்து பார்த்த ஒருவர் சாமுவேல் பெப்பிஸ். கடற்படை வாரியத்தின் செயலர். 1660 முதல் 1669 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றது. லண்டனில் கொள்ளைநோய் வாரி அள்ளிய 1665இல், கூலி கிடைக்காத கடலோடிகள் தம் அலுவலக வாசலில் பட்டினியோடு கூடி ஓலமிட்டதையும் அதனால் வேலை ஓடாததையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். தளங்களிலும் இதே நிலைதான். கொடுக்கப் பணமில்லை என்பது பெப்பிஸுக்குத் தெரியும், வேலையாட்களுக்கும் தெரியும்.

இரண்டு ஆண்டு கழித்து அதற்கான விலையை இங்கிலாந்து கட்டியது. 1667 ஜூனில் டச்சுக் கப்பல்கள் மெட்வே ஆற்றில் ஏறி வந்தன. ஆற்றின் குறுக்கே கட்டியிருந்த சங்கிலியைக் கடந்து, பெரிய கப்பல்களுக்குத் தீ வைத்து, கடற்படையின் பெருமையான 'ராயல் சார்லஸ்' கப்பலை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பின்புறத்து மரச் சிற்பம் இன்றும் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆபத்து வந்த நேரத்தில் சாத்தம் தளத்து ஆட்களில் பெரும்பாலோர் உதவிக்கு வரவில்லை. நெடுநாள் கூலி பாக்கி வைத்திருந்தவர்கள் கூப்பிட்டால் யார் உயிரைக் கொடுக்க ஓடி வருவார்? டச்சுக் கப்பல்களில் இங்கிலீஷ் பேசும் மாலுமிகளும் இருந்தார்கள். அங்கே கூலி ரொக்கமாகக் கிடைக்கிறது என்று கரையைப் பார்த்துக் கத்தியதாக பெப்பிஸ் கேள்விப்பட்டு எழுதியிருக்கிறார். தோல்விக்குப் பழி சுமக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. தளத்து ஆணையர் பீட்டர் பெட் அகப்பட்டார். கூலியைக் கொடுக்காத கருவூலத்தை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

இப்படி ரொக்கம் வராத ஊரில்தான் சில்லுக்கு மதிப்பு ஏறியது. கூலி என்று வருமோ தெரியாது. சில்லு அன்றன்று மாலையே கையில் இருக்கிறது. மதுக்கடைக்காரர் வாங்கிக்கொள்வார், ரொட்டி சுடுபவர் வாங்கிக்கொள்வார், வீடு கட்டுபவர் வாங்கிக்கொள்வார். அது மரத்தில் அடித்த நாணயம்போல் புழங்கியது. குறிப்பிட்ட நேரங்களில் தச்சர் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்கூடத் தளத்துக்குள் வந்து பொறுக்கிப் போனார்கள்.

நாணயமாகப் புழங்கும் பொருள் தானாக விழும்வரை யார் காத்திருப்பார்கள்? மூன்றடிக்கு மேல் நீளமான துண்டை எடுத்துப் போகக்கூடாது என்று தளத்தில் விதி. விளைவு என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கலாம். நல்ல மரங்கள் மூன்றடிக்குச் சற்றுக் குறைவான துண்டுகளாக அறுபட்டன. தளத்தை ஒட்டிய ஊர்களில் படிக்கட்டுப் பலகை, கதவு, ஜன்னல் அடைப்பு, அலமாரி எல்லாம் மூன்றடிக்கு உட்பட்ட அளவில் இருந்ததைப் பார்த்தவர்கள் குறித்திருக்கிறார்கள். வேலை விடுவதற்கு முந்திய அரை மணி நேரம் கப்பலுக்கான வேலை நின்று, வீட்டுக்கான கட்டுக் கட்டும் வேலை தொடங்கிவிடுகிறது என்று அதிகாரிகள் புலம்பினார்கள். அதிலும் உண்மை இருந்தது. ஓக் மரம் ஒரு கப்பலுக்கு ஆக நூறாண்டு வளர வேண்டும். அதை அறுத்து அடுப்பில் வைப்பது நாட்டுக்கு நட்டம்தான். நட்டம் என்பதை ஒப்புக்கொண்டே கேட்கிறேன்: அந்த நட்டத்தை வரவழைத்தது யார்? நூறாண்டு கூலியை உயர்த்தாமல், எழுதிய கூலியையும் நேரத்துக்குக் கொடுக்காமல் வைத்திருந்த அரசுக்குச் சில்லு வசதியாகத்தான் இருந்தது. ரொக்கமாக ஒரு பென்னியும் கூட்டாமல் ஆட்களைத் தக்கவைத்துக்கொள்ள முடிந்தது அல்லவா!

1753இல் கடற்படை வாரியம் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. சில்லுக்கட்டைத் தோளில் சுமந்து போகக்கூடாது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகும் அளவுக்குத்தான் எடுக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம். தோளில் ஏற்றினால் ஓர் ஆள் பெரிய பாரமே சுமக்கலாம். கக்கத்தில் எவ்வளவு இடுக்க முடியும்? ஒரே ஆணையில் கூலியின் ஒரு பகுதியைப் பாதியாக்கிவிட்டார்கள். அடுத்த சில ஆண்டுக்குள் சாத்தம் தளத்து வாசலில் அது வெடித்தது. மாலை மணியடித்ததும் தச்சர்கள் கூட்டமாக வாசலுக்கு வந்தார்கள், கட்டு தோளில். இறக்கு என்றார் அதிகாரி. முன்னால் நின்றவர் இறக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் நெருக்க, கூட்டம் அப்படியே அதிகாரியைக் கடந்து வாசலுக்கு வெளியே போயிற்று. வெளியே போனதும் ஆரவாரம் செய்தார்கள். தோளுக்கும் கக்கத்துக்கும் நடுவே இருந்தது எத்தனை வேளைச் சாப்பாடு என்பது அந்த ஆரவாரத்தைக் கேட்ட அதிகாரிக்கும் தெரிந்திருக்கும்.

தனியார் தளங்களில் இதைவிடக் கூலி அதிகம். போர்க்காலத்தில் தேம்ஸ் கரையில் ஆள் கிடைக்காமல் தவித்த முதலாளிகள் இன்னும் கூட்டிக் கொடுத்தார்கள். பிறகு ஏன் அரசுத் தளத்திலேயே கிடந்தார்கள்? முக்கியமான காரணம், வேலை நிலைத்தது. தனியார் தளத்தில் கப்பல் நீரில் இறங்கியதும் ஆளைக் கழித்துவிடுவார்கள். அரசுத் தளத்தில் காயம்பட்டால் மருத்துவர் உண்டு. ஆட்களைத் தெருவில் பிடித்துக் கப்பலில் ஏற்றும் கடற்படைப் பிடிகாரர்கள் தளத்து ஆள் மேல் கை வைக்க முடியாது. 1764 முதல் நெடுநாள் உழைத்து முதுமையடைந்த கப்பல் தச்சர்களில் சிலருக்கு ஆண்டுக்கு 20 பவுண்டு ஓய்வூதியமும் வந்தது. எல்லாருக்கும் இல்லை, ஐம்பதில் ஒருவருக்குத்தான்.

போர்க்காலத்தில் கூடுதல் நேர வேலையும் கிடைக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு 'டைடு' என்று பெயர்; ஐந்து மணி நேரத்துக்கு 'நைட்'. ஒரு நைட் வேலைக்கு ஒரு முழு நாள் கூலி எழுதுவார்கள். போர் மூண்டால் தச்சர் வீட்டில் கொஞ்சம் செழிப்பு, சமாதானம் வந்தால் வறுமை என்பது இதனால்தான். இன்னொரு வரவும் உண்டு. பயிற்சிக்குச் சேர்ந்த பையனின் கூலி அவனுக்குப் போகாது, கற்றுக்கொடுக்கும் தச்சருக்குப் போகும். ஆகவே ஒரு பையன் கிடைப்பது ஒரு காணி நிலம் கிடைத்ததற்குச் சமம். அந்தப் பையனை யாருக்கு ஒதுக்குவது என்பது அதிகாரி கையில் இருந்ததால், அதிகாரியின் தயவும் கூலியின் ஒரு பகுதியாகிவிட்டது. சில்லு, நைட், பையன் என்று பதிவேட்டுக்கு வெளியே இத்தனை சிதறிக் கிடக்கும்போது, 25 பென்னியை மட்டும் வைத்துக்கொண்டு இவர்கள் வாழ்வை அளக்கப் போனால் ஒன்றும் விளங்காது.

1775இல் சாண்ட்விச் பிரபு கடற்படை அமைச்சர். நாட்கூலிக்குப் பதில் வேலையை அளந்து கூலி கொடுக்கும் முறையை அவர் புகுத்தினார். இன்ன பாகத்தை முடித்தால் இவ்வளவு என்று குழுவுக்குக் கணக்கு. வேகமாகச் செய்தால் 25 பென்னியைவிட அதிகம் சம்பாதிக்கலாம் என்பது அவர் காட்டிய ஆசை. தச்சர்கள் மறுத்தார்கள். போர்ட்ஸ்மத், பிளிமத், சாத்தம், உல்விச் தளங்களில் வேலைநிறுத்தம் நடந்தது, அதுவும் அமெரிக்காவில் போர் தொடங்கிய அதே ஆண்டில். காசு கூடும் என்றால் ஏன் மறுக்க வேண்டும் என்று லண்டனில் பலருக்குப் புரியவில்லை. தளத்தில் நிற்பவருக்குப் புரியும். அளவு வேலையில் குழுவின் வேகத்தை இளைஞர்கள் நிர்ணயிப்பார்கள். ஐம்பது வயதுத் தச்சர் குழுவுக்குச் சுமையாகிவிடுவார். அதுவரை தோழர்கள் தாங்கிக்கொண்டிருந்த வயதானவர்களைத் தோழர்களே தள்ளிவிடும் நிலை வரும். உடம்பைச் சில ஆண்டில் தேய்த்துத் தீர்க்கும் கூலி இது என்று மனுவில் சொன்னார்கள். தலைமை தாங்கியவர்களை வேலையிலிருந்து நீக்கிய பிறகும் அரசால் முழுமையாகத் திணிக்க முடியவில்லை. விரும்பியவர்களுக்கு மட்டும் என்று இறங்கி வந்தது. பின்னர் வந்த போர்க்காலத் தேவையில் அளவு வேலை மெல்ல மெல்லப் பரவியது.

சில்லுக்கு முடிவு கட்டிய காலத்தில் முன்னால் நின்ற பெயர் சாமுவேல் பெந்தம். தத்துவவாதி ஜெரமி பெந்தத்தின் தம்பி. உல்விச் தளத்தில் பயிற்சி பெற்றவர். ரஷ்யாவில் இளவரசர் பொட்டெம்கினின் தோட்டத்துப் பட்டறைகளை நிர்வகித்தபோது, நடுவில் நிற்கும் ஒருவர் எல்லா வேலையாட்களையும் ஒரே பார்வையில் கண்காணிக்கும்படி ஒரு கட்டடத்தை யோசித்தார். அண்ணன் அதைச் சிறைச்சாலைக்கு மாற்றி எழுதிப் புகழ் பெற்றார். உலகுக்குச் சிறையாகத் தெரிந்த அந்த வரைபடம் பட்டறை மேற்பார்வையில் பிறந்தது என்பதை மறக்கக்கூடாது. 1796இல் கடற்படை வேலைகளின் தலைமை ஆய்வாளராக வந்த சாமுவேல், எழுத்தில் இல்லாத எதையும் ஏற்காதவர். மரம் அரசுடையது, நேரம் அரசுடையது, கூலி ரொக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காலமும் அவர் பக்கம் இருந்தது. அரசு மரத்திலும் பொருள்களிலும் அம்புக்குறி பொறித்து, குறியிட்ட பொருளை வைத்திருப்பதே குற்றம் என்று 1698லேயே சட்டம் வந்திருந்தது. 1798இல் தேம்ஸ் துறைமுகத்தில் தனிக் காவல் படை அமைந்தது. கப்பலிலிருந்து சரக்கிறக்கும் கூலிகள் சிந்திய சர்க்கரையையும் நிலக்கரியையும் எடுத்துப் போகும் பழைய வழக்கத்தை அது திருட்டாகப் பதிவு செய்தது. அதே ஆண்டில் நிலக்கரி சுமப்பவர்கள் திரண்டு வந்து அந்தக் காவல் நிலையத்தைத் தாக்கினார்கள். நேற்றுவரை பங்கு, இன்று முதல் களவு என்றால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது?

1800, 1801 இரண்டும் பஞ்ச ஆண்டுகள். ரொட்டி விலை எட்டாத உயரத்துக்குப் போனது. தளங்களின் பிரதிநிதிகள் லண்டனில் கூடிக் கூலியை உயர்த்தக் கேட்டார்கள். குடும்பத்தின் அளவைப் பார்த்துத் தற்காலிகப் படி கிடைத்தது. ஆனால் புதிதாக அமைச்சரான செயின்ட் வின்சென்ட் பிரபு, கலகத்தை அடக்கிப் பழகிய கடற்படைத் தளபதி. பிரதிநிதிகளையும் அவர்களோடு நின்ற நூற்றுக்கணக்கானவர்களையும் வெளியேற்றினார். அதே 1801இல் சில்லு ஒழிந்தது. ஈடாகத் தச்சருக்கு நாளொன்றுக்கு 6 பென்னி, மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு.

இந்த 6 பென்னியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பழைய நாட்கூலி 25 பென்னியோடு வைத்தால் ஏறக்குறைய கால்பங்கு. சில்லு ஏதோ குப்பை, வேலையாட்களின் பேராசை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த அரசு, ஒழிக்கும் நாளில் தன் கையாலேயே அதற்கு விலை எழுதிக் கொடுத்தது. அந்த விலையிலும் தச்சர்கள் தோற்றார்கள் என்பது என் எண்ணம். மரத்தின் விலை ஏறும்போது சில்லின் மதிப்பும் ஏறும். 6 பென்னி ஏறாது. நெப்போலியனோடு நடந்த போர்க்காலத்தில் மரம் எவ்வளவு அருமைப்பட்டது என்பதை நினைத்தால் இழப்பு விளங்கும். ஒரு நன்மையும் நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கூலி வாரந்தோறும் கைக்கு வரத் தொடங்கியது. வட்டிக்காரர்களின் பிடி தளர்ந்தது. பெப்பிஸ் காலத்திலேயே இதைச் செய்திருந்தால் எத்தனை வீடுகளில் அடுப்பெரிந்திருக்கும்!

1808க்குள் போர்ட்ஸ்மத்தில் இன்னொன்றும் நடந்து முடிந்தது. மார்க் புருனல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லே செய்த இயந்திரங்கள், பாய்மரக் கயிறுகளுக்கான மரக் கப்பிகளை ஆண்டுக்கு லட்சத்துக்கு மேல் செய்து குவித்தன. 110 தேர்ந்த கைவினைஞர் செய்த வேலையைத் தேர்ச்சி இல்லாத 10 பேர் செய்தார்கள். கப்பலின் வங்குக் காலை இயந்திரத்தால் செதுக்க முடியாது. ஆகவே கப்பல் தச்சர் இன்னும் சில பத்தாண்டுகள் தப்பினார். டெப்ட்ஃபோர்டு தனியார் தளத்துத் தச்சர் ஜான் காஸ்ட் 1802இல் தம் தொழிலாளர் தரப்பை வாதாடிச் சிறு நூல் எழுதினார். சங்கம் சேர்வதைத் தடுத்த சட்டங்கள் 1824இல் நீங்கியதும் தேம்ஸ் கரைத் தச்சர்களுக்குச் சங்கம் கட்டினார். அதற்குள் ஸ்காட்லாந்தில் இரும்புத் தகடுகளைச் சேர்த்து ஓடம் செய்யத் தொடங்கியிருந்தார்கள். அங்கே கோடரியும் இல்லை, சில்லும் இல்லை. அடித்த ரிவெட் ஆணிகளை எண்ணிக் கூலி கொடுத்தார்கள். அந்த எண்ணிக்கையில் நடந்த சண்டைகள் அடுத்த இதழில்.

(தொடரும்)